0.000 என்று எழுதாதீர்கள்: ஆய்வு அட்டவணையில் தசம இடங்களைக் கையாள்வது எப்படி

சமூக அறிவியல் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களின் அட்டவணைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மென்பொருள் துப்பிய எண் எப்படி வந்ததோ அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். சராசரி மாத வருமானம் 13,845.2381 ரூபாய், திருப்தி மதிப்பெண் 3.4726, பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) 0.000. கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆனால் அந்த எண்கள் சொல்லும் செய்தி தவறு, ஏனென்றால் ஒரு எண்ணுக்குப் பின்னால் நீங்கள் போடும் ஒவ்வொரு தசம இடமும் "இந்த அளவுக்கு எனக்கு உறுதியாகத் தெரியும்" என்று வாசகரிடம் நீங்கள் சொல்வதுதான். 84 பேரிடம் கேட்டுவிட்டு வருமானத்தைக் காசுக்கும் கீழே வரை தெரியும் என்று சொல்ல முடியாது.

இதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். தீசிஸ் எழுதுகிறவர்களையும் முதல் கட்டுரையை அனுப்பப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். 'ரவுண்ட் செய்வது' என்றே பேச்சில் சொல்கிறோம், பாடப்புத்தகத்தில் முழுமையாக்கல் என்று இருக்கும், இங்கே முதல் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பதில் சொன்னவரைப் பாருங்கள்

ரவுண்ட் செய்வது கணினியில் தொடங்குவதில்லை, கேள்வித்தாளோடு உட்காரும் திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் யாரும் 14,372 என்று சொல்ல மாட்டார்கள், பதினஞ்சாயிரம் என்பார்கள். வயது கேட்டால் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். விப்பிள் குறியீடு என்று பெயர். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0 அல்லது 5இல் முடியும் வயதைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அதை ஐந்தால் பெருக்கி, அந்த வயதுக்குள் இருக்கும் மொத்தப் பேரால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். 100 வந்தால் யாரும் வயதை அப்படி மழுப்பவில்லை என்று பொருள், 500 வந்தால் எல்லோரும் 0, 5 என்றே சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆகவே கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக, முக்கியமான ஒவ்வொரு மாறிக்கும் எந்தெந்த எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஒரு அலைவெண் பட்டியல் எடுத்துப் பாருங்கள். வருமானம் எல்லாம் 500இன் மடங்காகவே இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் அளந்த கோலின் மிகச் சிறிய கோடு 500 ரூபாய். அந்தக் கோலால் அளந்த சராசரிக்கு நான்கு தசம இடம் எழுதுவது வீண் வேலை.

கோப்பில் கை வைக்காதீர்கள்

இந்தப் பகுதியைத்தான் மெதுவாகப் படிக்கச் சொல்வேன், இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ரவுண்ட் செய்வது கடைசி வேலை, ஒரே ஒரு முறை செய்யும் வேலை. கணக்கு நடக்கும் வரை எண்கள் முழு நீளத்தில் இருக்க வேண்டும், அட்டவணையில் எழுதும் அந்தக் கணத்தில் மட்டும் ரவுண்ட் செய்ய வேண்டும் (கீழே 'வெட்டுவது' என்று சொல்வதும் இதைத்தான்).

ஏன் என்று ஒரு சிறு கணக்கில் பாருங்கள். இரண்டு குழுக்களின் சராசரி 3.46, 3.14 என்றும், பொதுவான திட்ட விலக்கம் 0.84 என்றும் வைத்துக்கொள்வோம். கோஹன் டி என்கிற விளைவளவு, அதாவது வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண், 0.32ஐ 0.84ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.38. இப்போது யாரோ அட்டவணைக்காக ஒரு தசம இடத்துக்கு வெட்டிய எண்களை எடுத்துக் கணக்குப் போடுகிறார் என்று கொள்ளுங்கள். 3.5, 3.1, 0.8. வித்தியாசம் 0.4, விளைவளவு 0.50. சிறியது என்று சொல்ல வேண்டிய விளைவு நடுத்தரம் ஆகிவிட்டது. தரவு மாறவில்லை, மக்கள் மாறவில்லை, நடுவில் ஒரு முறை ரவுண்ட் செய்தது மட்டும்தான் நடந்தது.

ஆம்-இல்லை வகைப் பதிலைக் கணிக்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் செய்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம், அங்கே எண் அடுக்கில் ஏறுகிறது. வயதின் கெழு 0.045 என்றால் 20 வயது வித்தியாசத்துக்கு வாய்ப்பு விகிதம் 2.46. அதே கெழுவை 0.05 என்று வெட்டிவிட்டு அடுக்கேற்றினால் 2.72.

சமூக அறிவியலுக்கு வெளியே இதற்குப் பெயர்போன கதை வான்கூவர் பங்குச் சந்தையுடையது. 1982 ஜனவரியில் 1000 என்ற புள்ளியில் ஒரு குறியீட்டெண்ணைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்குப் பிறகும் புது மதிப்பைக் கணக்கிட்டு, மூன்று தசம இடத்துக்குமேல் இருந்ததை ரவுண்ட் செய்யாமல் அப்படியே தூக்கி எறிந்தார்கள். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் முறை. 1983 நவம்பரில் குறியீடு 524 அருகில் நின்றது, சரியாகக் கணக்கிட்டபோது 1098க்கு மேல் வந்தது. ஒவ்வொரு முறையும் போனது ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் போனதெல்லாம் ஒரே திசையில் போனது.

நடைமுறையில் இதற்கு மூன்று பழக்கங்கள் போதும். எக்செலில் கட்டத்தின் வடிவமைப்பை மாற்றி இரண்டு தசமமாகக் காட்டுங்கள், அது தோற்றத்தை மட்டும் மாற்றும், உள்ளே எண் முழுதாக இருக்கும். எண்ணையே மாற்றும் ரவுண்ட் சூத்திரத்தை நடுக்கணக்கில் போடாதீர்கள். அப்புறம், எக்செலின் அமைப்புகளில் 'காட்டுகிறபடியே துல்லியத்தை வை' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது, அதன் பக்கமே போகாதீர்கள், அதை அழுத்தினால் திரையில் தெரியும் வெட்டிய எண்ணே நிரந்தரமாகிவிடும், பழைய எண் திரும்ப வராது.

இரண்டு முறை ரவுண்ட் செய்வதும் இதே குற்றம்தான். 0.0446 என்ற பி-மதிப்பை மென்பொருள் 0.045 என்று காட்டுகிறது, நீங்கள் அதை இரண்டு இடத்துக்கு வெட்டி 0.05 என்று எழுதுகிறீர்கள். மூல எண்ணிலிருந்து நேராக வெட்டினால் 0.04. அச்சடித்த தாளிலிருந்து எண்ணை எடுக்காமல், முழு நீள எண்ணுக்குத் திரும்பிப் போய் எடுங்கள்.

சரி, எத்தனை இடம் வைப்பது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மனப்பாடம் செய்ய ஒரு விதி வேண்டும் என்றால் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைமுறையைப் பிடித்துக்கொள்ளலாம்: முழு எண் அளவுகோலில் கிடைத்த சராசரி, திட்ட விலக்கம் இவற்றுக்கு ஒரு தசம இடம், ஒட்டுறவுக் கெழு, டி, எஃப், கை-வர்க்கம் போன்ற சோதனை மதிப்புகளுக்கு இரண்டு இடம், பி-மதிப்புக்கு இரண்டு அல்லது மூன்று இடம். உங்கள் பல்கலைக்கழகமோ இதழோ வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

ஆனால் விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விதி இல்லாத இடத்திலும் தடுமாற மாட்டீர்கள். திட்டப் பிழையைப் பாருங்கள், வேறு ஆட்களிடம் கேட்டிருந்தால் சராசரி எவ்வளவு ஆடியிருக்கும் என்பதன் அளவு அது. 64 பேர், சராசரி 3.4726, திட்ட விலக்கம் 0.92 என்றால் திட்டப் பிழை 0.92ஐ 8ஆல் வகுத்தது, அதாவது 0.115. இன்னொரு 64 பேரிடம் கேட்டிருந்தால் சராசரி முதல் தசம இடத்திலேயே ஆடியிருக்கும். 95 சதவீத நம்பக எல்லை ஏறத்தாழ 3.24 முதல் 3.70 வரை. இந்த நிலையில் மூன்றாவது, நான்காவது இடங்களுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்த 84 பேரின் வருமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், திட்ட விலக்கம் 6,200 என்றால் திட்டப் பிழை சுமார் 680 ரூபாய். "சுமார் 13,800 ரூபாய்" என்று எழுதினால் எதுவும் குறைந்துபோகாது.

இங்கே எனக்கு ஏபிஏவோடு ஒரு சின்ன மாறுபாடு உண்டு. லைக்கர்ட் அளவுகோல் (1 முதல் 5 வரை என்பது போல மதிப்பெண் கொடுக்கும் கேள்வி) சராசரிக்கு ஒரு இடம் போதும் என்கிறார்கள், நான் இரண்டு இடம் கொடுக்கச் சொல்வேன். இரண்டாவது இடம் நம்பகமானது என்பதால் அல்ல, அதை வைத்து மற்றவர்கள் உங்கள் கணக்கைச் சரிபார்க்க முடியும் என்பதால். இதைக் கீழே விளக்குகிறேன்.

சதவீதத்தில் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 23 பேரில் 17 பேர் என்றால் கால்குலேட்டர் 73.913 காட்டும். ஆனால் இங்கே ஒரு ஆள் கூடினாலோ குறைந்தாலோ சதவீதம் நாலுக்கு மேல் நகர்கிறது. தசம இடத்துக்கு இங்கே இடமே இல்லை. "23 பேரில் 17 பேர் (74%)" என்று எண்ணிக்கையை முன்னால் வைத்து எழுதுங்கள். நூறு பேருக்குக் கீழே முழு எண், சில நூறு முதல் ஆயிரக்கணக்கு வரை ஒரு தசம இடம், இதைத்தான் நான் பின்பற்றுகிறேன். நம் தேசியக் குடும்பநல ஆய்வின் அறிக்கைகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. எடையிடாத எண்ணிக்கை, அதாவது நேரில் கேட்ட ஆட்களின் எண்ணிக்கை, 25 முதல் 49 வரை மட்டும் இருக்கும் கட்டங்களில் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், 25க்குக் குறைந்தால் எண்ணைக் கொடுக்காமல் நட்சத்திரக் குறி மட்டும் போடுவார்கள். உங்கள் தீசிஸிலும் அதே போலச் செய்து, அட்டவணைக்குக் கீழே ஒரு வரிக் குறிப்பு எழுதிவிடலாம்.

எண்ணிக்கை மட்டும் வேறு வகை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. அட்டவணையில் இதை முழுதாகவே போடுங்கள், மற்றவர்கள் அதை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். உரைநடையில் "7.2 கோடி" போதும். ஆனால் ஒரே கட்டுரையில் ஒரு இடத்தில் கோடி-லட்சக் காற்புள்ளியும் இன்னொரு இடத்தில் மில்லியன் காற்புள்ளியும் கலந்து வரக் கூடாது.

பி-மதிப்பு 0.000 ஆக முடியாது

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் நீண்ட காலமாக 'சிக்' என்ற பத்தியில் .000 என்று அச்சடித்து வந்ததால் இந்தத் தவறு தலைமுறை தலைமுறையாக வருகிறது. அது பூஜ்யம் என்ற பொருளில் வருவதில்லை, மூன்று தசம இடத்துக்குள் காட்ட முடியாத அளவுக்குச் சிறியது என்றுதான் பொருள். நீங்கள் எழுத வேண்டியது "பி < .001". அந்தக் கட்டத்தை இரண்டு முறை சொடுக்கினால் முழு எண் தெரியும். 0.001க்கு மேல் இருந்தால் சரியான மதிப்பையே கொடுங்கள், "பி < .05" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். மூன்று இடம் கொடுப்பதுதான் நல்லது, 0.046க்கும் 0.054க்கும் இரண்டு இடத்தில் ஒரே முகம்தான், இரண்டுமே .05.

இரண்டு இடங்கள் எல்லைக்கோட்டில் எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு உதாரணம். டி(58) = 2.00 என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அடைப்புக்குள் இருப்பது ஆட்களின் எண்ணிக்கையை ஒட்டி வரும் கட்டின்மை எண். உண்மை மதிப்பு 1.995இலிருந்து 2.005 வரை எங்கும் இருக்கலாம். 58 கட்டின்மை எண்ணுக்கு, பி-மதிப்பு சரியாக 0.05 ஆகும் எல்லை மதிப்பு 2.0017. அதாவது அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவு ஐந்து சதவீதக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லைக்கோட்டில் இருக்கும் முடிவுகளுக்கு ஒரு இடம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறே இல்லை.

இப்படி எல்லைக்கோட்டில் ரவுண்ட் செய்ததால் ஒரு தேர்தல் முடிவே சில மணி நேரம் தவறாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரல் தேர்தல். பொதுவாக 5 சதவீத வாக்கு இல்லாத கட்சிக்குச் சட்டமன்றத்தில் இடம் கிடையாது. பசுமைக் கட்சி பெற்றது 4.97. பட்டியலை அச்சடித்த நிரல் ஒரு தசம இடம் மட்டும் காட்டியதால் தாளில் 5.0 என்று விழுந்தது. கட்சி உள்ளே வந்துவிட்டதாகவே கணக்குப் போட்டார்கள், பிழை நள்ளிரவுக்குப் பிறகுதான் தெரிந்தது. திருத்தியதும் இடப் பங்கீடு மாறி, சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஒரே இடப் பெரும்பான்மை கிடைத்தது. ஆகவே ஒரு எல்லையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் போதெல்லாம் ரவுண்ட் செய்யாத எண்ணை வைத்து ஒப்பிடுங்கள், கேள்விகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.696 வந்தால் அதை 0.70 ஆக்கி "0.70ஐத் தொட்டுவிட்டது" என்று எழுதாதீர்கள்.

முன்னால் வரும் பூஜ்யத்தைப் பற்றி ஒரு வரி. ஒன்றைத் தாண்ட முடியாத அளவுகளுக்கு, அதாவது பி-மதிப்பு, ஒட்டுறவுக் கெழு, ஆல்ஃபா இவற்றுக்கு, ஏபிஏ முன்பூஜ்யத்தை நீக்கி .032 என்று எழுதச் சொல்கிறது. தமிழில் எழுதும்போது 0.032 என்பது கண்ணுக்குத் தெளிவாக இருப்பதாக எனக்குப் படுகிறது. எதைப் பின்பற்றினாலும் கட்டுரை முழுக்க ஒன்றையே பின்பற்றுங்கள்.

கெழு 0.000 வந்தால் அலகை மாற்றுங்கள்

வருமானத்தை ரூபாயில் வைத்து ரிக்ரஷன் செய்தால் அடிக்கடி இது வரும். கெழு 0.000, பக்கத்தில் பி-மதிப்பு மிகச் சிறியது என்று காட்டும் மூன்று நட்சத்திரம். வாசகருக்கு ஒன்றும் புரியாது. ஐந்து தசம இடம் போட்டு 0.00004 என்று எழுதுவது தீர்வு இல்லை. வருமானத்தை ஆயிரத்தால் வகுத்து, "ஒவ்வொரு ஆயிரம் ரூபாய்க்கும்" என்ற அலகில் மறுபடி ஓட்டுங்கள், கெழு 0.04 ஆகிவிடும். டி-மதிப்பு, பி-மதிப்பு எதுவும் மாறாது.

சரிபாதியில் நிற்கும் எண்

2.5ஐ முழு எண்ணாக்கினால் 3 என்றுதான் பள்ளியில் படித்தோம். எக்செலின் ரவுண்ட் சூத்திரம் அப்படியே 3 கொடுக்கும். ஆர் மென்பொருளும் பைத்தானும் 2 கொடுக்கும். பழுதில்லை அது, சரிபாதி வந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது என்ற விதி. 0.5, 1.5, 2.5, 3.5 நான்கையும் கூட்டினால் 8. பள்ளி விதிப்படி எல்லாம் மேலே போனால் 1, 2, 3, 4, கூட்டினால் 10. இரட்டை எண் விதிப்படி 0, 2, 2, 4, கூட்டினால் 8. ஒரே பக்கம் சாயாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதற்கு மேல் ஒரு சிக்கலும் உண்டு. பைத்தானில் 2.675ஐ இரண்டு இடத்துக்கு வெட்டச் சொன்னால் 2.67 வரும், ஏனென்றால் அந்த எண்ணை இரும முறையில் துல்லியமாக வைக்க முடியாமல் அதைவிடச் சற்றுக் குறைவான ஒன்றைத்தான் கணினி வைத்திருக்கிறது. நீங்களும் உங்கள் நண்பரும் வேறு வேறு மென்பொருளில் ஒரே தரவை ஓட்டிக் கடைசி இலக்கத்தில் ஒன்று வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம், முதலில் இதைச் சந்தேகியுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஆய்வுமுறைப் பகுதியில் எழுதிவையுங்கள்.

கூட்டினால் 99 வருகிறதே?

48 பேரில் 17, 17, 14 என்று மூன்று பதில்கள். முழுச் சதவீதத்தில் 35, 35, 29. கூட்டினால் 99. பலர் இங்கே பயந்துபோய் ஏதோ ஒன்றை 36 ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அது தரவைத் திருத்துவதுதான். மாஸ்டெல்லர், யூட்ஸ், சான் மூவரும் 1967இல் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். மூன்று பிரிவுகள் இருந்தால் நான்கில் மூன்று தடவைதான் சரியாக 100 வரும், நான்கு பிரிவுகள் இருந்தால் மூன்றில் இரண்டு தடவை, பிரிவுகள் கூடக் கூட இன்னும் குறையும். எல்லா அட்டவணையும் கச்சிதமாக 100 காட்டும் ஒரு தீசிஸைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். "ரவுண்ட் செய்ததால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்" என்று கீழே குறிப்பு எழுதினால் வேலை முடிந்தது.

இதே மாதிரிதான் வித்தியாசங்களும். என் முதல் கட்டுரைக்கு வந்த மதிப்பாய்வில், அட்டவணையில் 62, 58 என்று இருக்கிறது, உரையில் 5 சதவீதப் புள்ளி வித்தியாசம் என்கிறீர்கள், எது சரி என்று கேட்டிருந்தார்கள். இரண்டு இரவு தேடினேன். மூல எண்கள் 62.4, 57.5, வித்தியாசம் 4.9. இரண்டுமே சரிதான், ஆனால் அதை வாசகர் எப்படி அறிவார்? அன்றிலிருந்து உரையில் வித்தியாசத்தைப் பேசப் போகிறேன் என்றால் அட்டவணையில் ஒரு இடம் கூடுதலாக வைத்துவிடுகிறேன்.

அனுப்பும் முன் நீங்களே சோதியுங்கள்

முழு எண் பதில்களின் சராசரிக்கு ஒரு குணம் உண்டு. 32 பேர் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்தால், மொத்தம் கண்டிப்பாக முழு எண். மொத்தம் 110 என்றால் சராசரி 3.44, 111 என்றால் 3.47. நடுவில் 3.45 வரவே முடியாது. உங்கள் அட்டவணையில் 32 பேருக்கு 3.45 என்று இருந்தால் எங்கேயோ தவறு நடந்திருக்கிறது, தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், பதில் சொல்லாத ஒருவரைக் கழிக்க மறந்திருக்கலாம். இந்தச் சோதனைக்கு க்ரிம் என்று பெயர், நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீத்தர்ஸும் உருவாக்கியது. உளவியல் கட்டுரைகளில் இப்படிச் சோதிக்கக்கூடிய 71ஐ எடுத்துப் பார்த்தபோது 36இல் குறைந்தது ஒரு சராசரியாவது சாத்தியமில்லாததாக இருந்தது. இரண்டு தசம இடம் கொடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான், ஒரு இடம் மட்டும் கொடுத்தால் 32 பேர் இருக்கும்போது இந்தச் சோதனை எதையும் பிடிக்காது.

செய்முறை எளிது: சராசரியை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள், அருகில் உள்ள முழு எண்கள் இரண்டை எடுத்துத் திரும்ப வகுங்கள், உங்கள் சராசரி கிடைக்கிறதா என்று பாருங்கள். ஐந்து கேள்விகளின் சராசரியை ஒரு மதிப்பெண்ணாக வைத்திருந்தால் ஆட்களின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு தசம இடத்துக்கு நூறு பேருக்குமேல் போனால் சோதனை பயன்படாது.

டி, எஃப் மதிப்புகளுக்கு ஸ்டாட்செக் என்ற கருவி இருக்கிறது. நீங்கள் எழுதிய டி-மதிப்பையும் கட்டின்மை எண்ணையும் வைத்து பி-மதிப்பைத் திரும்பக் கணக்கிட்டுப் பொருந்துகிறதா என்று சொல்லும். 1985 முதல் 2013 வரை வந்த உளவியல் கட்டுரைகளில் இதை ஓட்டியபோது ஏறத்தாழப் பாதிக் கட்டுரைகளில் ஒரு பொருந்தாத பி-மதிப்பாவது இருந்தது. மதிப்பாய்வாளர் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

கடைசியாக, சுருக்கம், உரை, அட்டவணை மூன்றிலும் ஒரே எண் ஒரே வடிவில் இருக்கிறதா என்று தாளில் அச்சடித்துப் பேனாவால் டிக் போட்டுக்கொண்டே பாருங்கள், −0.00 என்று எங்காவது விழுந்திருந்தால் 0.00 ஆக்குங்கள். மென்பொருள் கொடுத்த முழு வெளியீட்டுக் கோப்பைத் தேதி போட்டுத் தனியாகச் சேமித்து வையுங்கள், வைவாவில் யாராவது நான்காவது இலக்கத்தைக் கேட்டால் திறந்து காட்ட அது வேண்டும். ஆய்வுமுறைப் பகுதியில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள், வேண்டிய இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்: "எல்லாக் கணக்குகளும் ரவுண்ட் செய்யாத மதிப்புகளைக் கொண்டு செய்யப்பட்டன, அட்டவணைகளில் மட்டும் சராசரிகள் இரண்டு தசம இடங்களுக்கும், சதவீதங்கள் ஒரு தசம இடத்துக்கும், பி-மதிப்புகள் மூன்று தசம இடங்களுக்கும் ரவுண்ட் செய்யப்பட்டுள்ளன. இதனால் கூட்டுத்தொகைகளும் வித்தியாசங்களும் கடைசி இலக்கத்தில் சற்று மாறுபடலாம்."